மீன் அள்ளிய கை

சனிக்கிழமை, இரவு.

எங்கள் இயற்பியல் துறையைப் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் இன்று. வழக்கம்போல என் மேசையில் அந்தச் சின்னக் குழாய். அதன் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து, மற்றவர்கள் கைகோத்து வட்டத்தை முடித்தால் உள்ளே விளக்கு எரியும். ஒருவர் கையை விட்டாலும் அணைந்துவிடும். வருடாவருடம் விளக்குகிறேன். வட்டத்துக்குள் ஒருமுறைகூட நின்றதில்லை.

இன்று மாணவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மீமிசலிலிருந்து வந்த பெண்களில் ஒருத்தி துணிந்து ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனைக்கு யாரும் வரவில்லை. நானே பிடித்தேன். பக்கத்தில் நின்ற அம்மா கையை முந்தானையில் துடைத்தார்.

“காலைல மீன் அள்ளுன கை டீச்சர். வாடை அடிக்கும்.”

“அதனால என்னங்க, குடுங்க.”

சொரசொரப்பான, சூடான கை. விளக்கு எரிந்தது. எல்லாரும் கத்தினார்கள். கையை விடச் சொன்னேன். விட்டார்கள், அணைந்தது, சிரித்தார்கள். உடம்பு வழியே மின்சாரம் எப்படிப் போகிறது என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

“டீச்சர், லைட்டுதான் அணஞ்சிருச்சே,” என்றார் அந்த அம்மா மெதுவாக. “என் கைய விடுங்க.”

அப்போதுதான் பார்த்தேன். என்ன நினைத்திருப்பார்? பஸ்ஸில் திருக்கோகர்ணம் வரும்வரை இதே யோசனை. கதவைத் திறந்தால், காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

இதை எழுதும் கையில் இன்னும் லேசாக மீன்வாடை. கழுவ மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். உப்புமாவைக்கூட ஸ்பூன் தேடி எடுத்துத்தான் சாப்பிட்டேன்.