ஒட்டு இல்லாத புழு

போர்த்வீன்,
கார்ன்வால்.
1863 ஏப்ரல் 17

அன்பு மகள் டாம்சினுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் மண்டியிடுகிறேன். இங்கே நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், இந்த வீட்டில் பொய் எழுதியது போதும். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் சிணுங்குகிறான் என்று எழுதியிருந்தாய். சிணுங்கட்டும், யார் என்ன சொன்னாலும் அபின் கலந்த மருந்தை மட்டும் வாயில் ஊற்றிவிடாதே. உன் அத்தை டார்காஸ் இடுப்பு வலியோடு இங்கேயே வந்து தங்கியிருக்கிறாள், வலி இடுப்பில் என்றாலும் வாய்க்கு ஓய்வில்லை. நம் வேலைக்காரி கிட்டிக்கு அறுவடை முடிந்ததும் கல்யாணம். இதையெல்லாம் நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இது நாலாவது.

நீ கப்பல் ஏறிய பிறகு நடந்த வாத்தியார் விவகாரத்தை உனக்கு அரைகுறையாகத்தான் எழுதியிருந்தேன். இப்போது முழுதும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நீயும் இருக்கிறாய் என்று எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஹானிபல் ட்ரெகென்ஸா இரண்டு வருடத்துக்கு முன் லண்டனில் இருக்கிற உயிரியல் அறிஞர்கள் சங்கத்துக்கு ஒரு குப்பி அனுப்பினார். அதில் சாராயத்தில் போட்ட ஒரு புழு. முன்பாதி, நம் மீனவர்கள் தூண்டிலில் குத்துகிற சாதாரணச் சேற்றுப் புழு. பின்பாதி, உன் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு உன் அப்பா புது இனம் என்று அறிவித்து உன் பெயரைச் சூட்டினாரே, துடுப்பு மாதிரிக் கால்கள் உள்ள சிவப்புப் புழு, அது. இவை இரண்டு இனமே இல்லை, சேற்றுப் புழுதான் முட்டையிடும் காலம் வந்ததும் இப்படி உருமாறி நீந்தக் கிளம்புகிறது என்று வாத்தியார் எழுதியிருந்தார். சங்கத்தார் அந்தக் குப்பியை அபிப்பிராயம் கேட்டு உன் அப்பாவுக்கே அனுப்பினார்கள். இரண்டு புழுவை நறுக்கிக் கோந்து போட்டு ஒட்டியிருக்கிறான், திருவிழாவில் குரங்கையும் மீனையும் தைத்துக் கடற்கன்னி என்று காட்டுகிறவர்களுக்கும் இவனுக்கும் வித்தியாசம் இல்லை என்று உன் அப்பா பதில் எழுதினார். அது அச்சிலும் வந்தது. அதோடு விட்டாரா? ஊர்ப் பாதிரியார் என்பதால் பள்ளிக்கூடமும் அவர் கையில்தானே இருக்கிறது, மோசடிக்காரன் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரக் கூடாது என்று வேலையைவிட்டு நீக்கினார். ஊரில் அவருக்குக் கோந்து வாத்தியார் என்றே பெயராகிவிட்டது. இப்போது மீன் கிடங்கில் மத்தி மீனுக்கு உப்புப் போடுகிறார். நானும் உன் அப்பாவைத்தான் நம்பினேன். படித்தவர், என் புருஷன், பீடத்தில் நிற்கிறவர், வேறு யாரை நம்புவேன்?

போன மாதம் உன் அப்பா தன் புத்தகத்துக்குக் கடைசிப் படங்களை முடித்துக் கொடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். சாராயத்தில் ஊறினால் நிறம் போய்விடும், உயிரோடு வைத்துத்தான் வரைய வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா. கடல் நன்றாக உள்வாங்கிய ஒரு காலையில் கிட்டி போய் ஏழு சேற்றுப் புழு தோண்டிக்கொண்டு வந்தாள். இறைச்சி அப்பம் சுடுகிற பெரிய பீங்கான் தட்டில் மணலும் கடல்நீரும் விட்டு, மேலே கண்ணாடி வைத்து மூடி, என் படுக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். மறுநாளே எனக்குச் சளி ஜுரம் பிடித்துக்கொண்டது. உன் அப்பா பிளிமத்தில் அறிஞர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். பன்னிரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்து நான் செய்த ஒரே வேலை அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ஐந்தாம் நாள் ஒரு புழு மணலைவிட்டு மேலே வந்து கிடந்தது. கண்கள் முன்பைவிடப் பெரிதாக இருந்தன. தண்ணீர் மாற்ற வந்த கிட்டி பார்த்துவிட்டு, எதையோ தின்று ஒத்துக்கொள்ளாமல் சிவந்துபோயிருக்கிறது என்றாள். எட்டாம் நாள் அதன் பின்பாதிக் கால்களெல்லாம் குட்டி விசிறி மாதிரி விரிந்திருந்தன, முன்பாதி அப்படியே சேற்றுப் புழு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜுரம் என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். தட்டில் எண்ணினேன், ஏழு. புதிதாக ஒன்று வரவுமில்லை, பழையது ஒன்று போகவுமில்லை. பதினோராம் நாள் அது தண்ணீரில் வளைந்து வளைந்து நீந்திக்கொண்டிருந்தது, டாம்சின், தலையிலிருந்து வால்வரை உன் பெயர் வைத்த புழு. தினமும் வரைந்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா வந்த அன்றே தட்டையும் படங்களையும் காட்டினேன். அவர் அதிர்ந்துபோவார், நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், ஐயோ அந்த மனுஷனை என்ன செய்துவிட்டோம் என்பார், அவரைத் தேற்ற வேண்டியிருக்கும் என்றுகூட நினைத்து டீ போடச் சொல்லியிருந்தேன். அவர் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார். தேநீர்க் கோப்பையில் தூசி விழுந்தாலும் பூதக்கண்ணாடி எடுக்கிற மனுஷன், அதை எடுக்கவே இல்லை. "நீ ஜுரத்துல கிடந்தே, பிலிப்பா. ஜுரத்துல என்ன வேணும்னாலும் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றப் போய்விட்டார். அவர் மறுத்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை, அதுதான் உறுத்தியது.

வியாழக்கிழமை கிழவர் பாஸ்கோவை அடக்கம் செய்ய உன் அப்பா கல்லறைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் அறைக்குப் போனேன். பழைய குப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்ற நப்பாசைதான். உன் பெயர்ப் புழுக்கள் இருக்கிற அலமாரித் தட்டில் முன்வரிசைக் குப்பிகளை எடுத்து வைத்தேன். பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு சின்னக் குப்பி, வாயில் ஆட்டுத் தோல் கட்டி மெழுகு வைத்தது. உள்ளே பாதி சேற்றுப் புழு, பாதி உன் புழு, வாத்தியார் அனுப்பியதை உரித்து வைத்தாற்போல. குப்பியில் ஒட்டியிருந்த சீட்டில் 1859 ஜூன் 9 என்று தேதி, அதாவது வாத்தியார் லண்டனுக்கு அனுப்புவதற்கு ஒன்றரை வருடம் முன்பு. அதன் கீழே, 'ஒரே உடல், ஒட்டு இல்லை.' டாம்சின், அது உன் கையெழுத்து.

உனக்கு அகரம் எழுதப் பழக்கியவள் நான், அந்தக் கையெழுத்தை வேறு யாருடையது என்று நினைத்துத் தப்பித்துக்கொள்வேன்? அப்பா சொல்லச் சொல்ல நீ சீட்டு எழுதுவாய், நம் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். அவர் சொன்னார், நீ எழுதினாய், சரி. ஆனால் நீ ஒன்றும் தெரியாமல் எழுதுகிற பெண் இல்லையே, ஒரு புழுவின் கால்களை எண்ணாமல் சீட்டு ஒட்ட மாட்டாயே. அச்சான கட்டுரையை உன் அப்பா உனக்கு அனுப்பினார், அப்பாவின் நடை எவ்வளவு கூர்மை என்று நீ பதில் எழுதியிருந்தாய், அந்தக் கடிதத்தை நான்தான் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தேன். அதைப் படிக்கும்போது உனக்கு இந்தக் குப்பி ஞாபகம் வரவில்லையா? அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்டாயா, இல்லை புழுவுக்கு உன் பெயர் நிலைக்க வேண்டும் என்றா? இரண்டில் எது என்று தெரிந்தால் மட்டும் எனக்கு என்ன ஆறிவிடப் போகிறது, தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்தவரிடம் குப்பியை நீட்டினேன். இப்போதாவது முகம் மாறும் என்று பார்த்தேன். மாறியது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. நிதானமாகத் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டு, "அது யாரு எழுத்துன்னு பாத்தியா? வெளியில எடுத்துட்டுப் போ, முதல்ல யாரு பேரு நாறும்னு யோசி" என்றார். முப்பது வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன், இந்த மனுஷர் உன்னைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றும் கேட்டார். அத்தை டார்காஸ்கூட அன்று பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்.

உன்னைத் திட்டிக்கொண்டே போகிறேன், என் பங்கையும் கேள். வாத்தியார் அனுப்பிய புழுவைக் கட்டுரைக்காக வரைந்தது நான். நடுவில் ஒட்டு இருக்கிறது, அதைக் கோடாகக் காட்டு என்றார் உன் அப்பா. நான் உற்று உற்றுப் பார்த்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லையே என்றேன். உருப்பெருக்கியில் நான் பார்த்துவிட்டேன், நீ போடு என்றார். போட்டேன். என் கண்ணால் பார்க்காத ஒரு கோட்டை என் கையால் போட்டேன், அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் லண்டனில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுத்தைவிட அந்தப் படம்தான் வாத்தியாரின் சோற்றில் மண்ணைப் போட்டது. நீ சீட்டு எழுதினாய், நான் கோடு போட்டேன், அவர் அச்சடித்தார், நாம் மூன்று பேரும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கிறோம்.

சனிக்கிழமை பட்டப்பகலில் தட்டை ஒரு துணியால் மூடி, குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு, துறைமுகத் தெரு வழியாக ட்ரெகென்ஸா வீட்டுக்கு நடந்தேன். வாசலில் அவர் மனைவி ஜெனிஃபர் வழிமறித்து நின்றாள். "எங்க வீட்டுக்குப் புழுவால வந்ததே போதும், பாதிரியாரம்மா. அப்படியே திரும்பிப் போயிடுங்க" என்றாள். உள்ளேயிருந்து வாத்தியார்தான் அவங்களை உள்ளே விடு என்று குரல் கொடுத்தார். உப்பில் ஊறி விரலெல்லாம் வெடித்து, பூதக்கண்ணாடியைப் பிடிக்க முடியாமல் என்னைப் பிடிக்கச் சொன்னார். தட்டை அரைமணி நேரம் பார்த்தார். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன், அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை, தண்ணீரை இன்றைக்கு மாற்றினீர்களா, முட்டை விட்டதும் செத்துவிடும், அதற்குள் வரைந்துவிடுங்கள் என்றார். பிறகு குப்பியைக் காட்டினேன். சீட்டை இரண்டு முறை படித்தார். "டாம்சின் எழுதினதா? என்கிட்ட புழுவோட கால் எண்ணிக்கை கேட்டுக்கிட்டு எத்தனை தடவை வந்திருக்கும் அந்தப் பொண்ணு" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாத்தியார் சொன்ன இன்னொன்றைக் கேள். என் படங்களை மட்டும் அனுப்பினால் ஜுரத்தில் கிடந்த பெண்பிள்ளை என்று தள்ளிவிடுவார்கள். குப்பியை அனுப்பினால், மகள் விளையாட்டாக எதையோ எழுதி ஒட்டிவிட்டாள், எனக்குத் தெரியாது என்று உன் அப்பா சொல்லிவிடுவார், சொல்லவும் போகிறார். அந்தச் சீட்டை யார் சொல்லி எழுதினாய் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். இலையுதிர்காலத்தில் உன் அப்பாவின் புத்தகம் அச்சுக்குப் போகிறது, அதில் கோந்து வாத்தியார் கதைக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. புத்தகமாக வந்துவிட்டால் அந்த மனுஷன் சாகும்வரை மோசடிக்காரன்தான், அவர் பிள்ளைகளும் மோசடிக்காரன் பிள்ளைகள்தான்.

ஆகவே என் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை சங்கத்துச் செயலாளருக்குப் போட்டுவிட்டேன். அந்தக் கோடு பொய், நான் பார்க்காததை வரைந்தேன் என்று எழுதி என் முழுப்பெயரைக் கையெழுத்திட்டிருக்கிறேன். உன் அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. குப்பி வாத்தியாரிடம் இருக்கிறது. உன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, அதை நீதான் எழுத வேண்டும். புரியாமல் எழுதினேன் என்றால் புரியாமல் எழுதினேன் என்று எழுது, புரிந்தே எழுதினேன் என்றால் அதை எழுது, எதுவானாலும் அடுத்த கப்பலிலேயே போடு. மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

குழந்தைக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி இத்தோடு வைத்திருக்கிறேன், கால் வளர்ந்திருக்கும் என்று கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, உனக்கு வாய் திறக்கிற தைரியத்தையும் தருவாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ எழுதுகிற முதல் கடிதம் எனக்கு இல்லை, ஹானிபல் ட்ரெகென்ஸாவுக்கு, மீன் கிடங்குச் சந்து, போர்த்வீன். அது வந்து சேர்ந்தது என்று அவர் என்னிடம் சொல்கிறவரை உன்னிடமிருந்து எனக்கு வருகிற எதையும் நான் பிரிக்க மாட்டேன், உள்ளே என் பேரனின் முதல் முடி இருந்தாலும் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிலிப்பா