முத்திரை மேல் குங்குமம்

ஜானகி,

நம் இலக்கியாவுக்கு எம்.டி. பெத்தாலஜியில் இடம் கிடைத்திருக்கிறது. நாளை சாயங்காலத்துக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். நீ செய்திருக்கும் வேலையைப் பார்! பயிற்சி மருத்துவராக ஒரு வருஷம் வேலை பார்த்ததற்கான சான்றிதழில் நாலு மூலைக்கும் மஞ்சள், முத்திரை மேலேயே குங்குமம். கையெழுத்தே தெரியவில்லை.

போனில் கேட்டால், "நல்லதுக்குத்தானுங்க வெச்சேன்" என்கிறாய். அன்று என் லாரி பர்மிட்டுக்கும் இப்படித்தான் வைத்தாய். நாக்பூர் செக்போஸ்ட்காரன் அதைக் கும்பிட்டுத் தேங்காய் உடைத்து அனுப்பினான். கவுன்சிலிங்காரன் உடைக்க மாட்டான், புள்ள!

வேறு சான்றிதழ் கேட்க நானும் இலக்கியாவும் காலேஜுக்குப் போகிறோம். சாவி மீட்டர் பெட்டி மேல். உன் இட்லியை நான் தொடவில்லை.

சட்னி நன்றாக இருந்தது.

சேர்க்கைக் கடிதம் கிடைத்தால் மஞ்சளைக் குழைத்து வை. பொட்டு நான் வைக்கிறேன்.