ஏழாம் வணக்கத்துக்குப் பிறகு

மச்சான்,

நேற்று உன் தங்கச்சி கனடாவிலிருந்து வந்து ஒரு பழைய கூத்துப் பாட்டுக் கொப்பியைத் தந்துவிட்டுப் போனாள். உன் அலுமாரியில் இருந்ததாம். உறையில், எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் எழுத்தில் யாக்கோபு என்று இருக்கிறது, அதன் கீழே என் பெயர். நீ அதை வெட்டவே இல்லை. காலையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வலை பொத்த உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

கோயில் பெருநாள் கூத்துக்குக் கொப்பி கொடுத்த நாள் எனக்கு மறக்காது. கையில் வாங்குகிறவனுக்குத்தான் பாத்திரம் என்பது எங்கள் ஊர் வழக்கம். அன்று காற்று மாறி என் வள்ளம் கரைக்கு வரப் பிந்திவிட்டது. "அவன் வரமாட்டான்" என்று சொல்லி எனக்கென்று எழுதிவைத்த கொப்பியை நீ வாங்கிவிட்டாயாம். ஏசா வேட்டைக்குப் போன நேரம் பார்த்து, கூடப் பிறந்த யாக்கோபு தகப்பனின் ஆசீரை வாங்கிக்கொண்ட அதே கதை! எனக்கு மிஞ்சியது ஏசா.

"நீங்கள் ரெண்டு பேரும் ஆக்கள் இல்லையடா, ரெண்டு தேசம்" என்பார் அண்ணாவியார். "யாக்கோபு இஸ்ரயேல், ஏசா ஏதோம். தாயின்ரை வயித்துக்குள்ளையே இடிபட்டவங்கள். அப்பிடி நில்லுங்கோ."

நான் நன்றாகவே நின்றேன். ஒத்திகை முடிந்த பிறகும் ஏதோமாகவே திரிந்தேன். எங்கள் வீட்டார் ஒரு தேசம், உங்கள் வீட்டார் மறு தேசம். பூசைக்குப் போனாலும் வேறு வேறு வாங்கில்தான் உட்காருவோம்.

பெருநாளன்று கடைசிக் காட்சி. அண்ணனிடம் திரும்பி வந்த யாக்கோபாக நீ ஏழு தரம் விழுந்து வணங்கினாய். ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டிப்பிடித்து அழவேண்டும். பத்தடி தள்ளி நின்ற நான் அசையவில்லை. மத்தளம் மறுபடி அடித்தது. நீ கையை விரித்தபடி மெல்லச் சொன்னாய்: "வாவன் மச்சான், சனம் பாக்குது."

முதுகைக் காட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். என்ன பிடிவாதம்! இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. அடுத்த வருடம் நீ வெளிநாடு போனாய். இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாய். இரண்டு தரமும் நான் வீட்டில் இல்லை என்று மனுசியைச் சொல்லவைத்தேன். போன மாதம் உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இன்று மத்தியானம்தான் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கட்டிப்பிடிக்கிற இடத்தில், பென்சிலால், உன் கோணல் எழுத்து: "அவன் வருமட்டும் நிக்கவேணும்."

இந்தப் பெருநாளுக்கும் அதே கூத்தாம். ஏசாவுக்கு ஆள் தேடி வந்தார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். இந்த முழங்காலோடு ஓட முடியுமோ தெரியாது. அன்று ஓடாத அந்தப் பத்தடி இன்னும் என் காலில்தான் இருக்கிறது, மச்சான்.