பரம்பரை என்ற சொல்

செவ்வாய், இஷா தொழுகைக்குப் பிறகு.

இன்னும் மனம் ஆறவில்லை. மகளின் ஓயாத சளிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கொழும்புக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவை இன்று டாக்டர் விளக்கினார். மூச்சுக்குழாய்க் கலங்களில் சளியைத் தள்ளும் நுண்ணிய மயிர்கள் உண்டாம். அவற்றை முளைக்கச் சொல்லிக் கட்டளையிடும் பரம்பரையலகு, அதாவது ஜீன், ஒன்று மகளுக்குச் சரியாக வேலை செய்யவில்லையாம்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் அவர் தாயிடமும் சொன்னேன். மாமி 'பரம்பரை' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னனே, இது உங்கட ஆக்கள்ட வருத்தமெண்டு!"

"இல்ல மாமி. எங்க ரெண்டு பேர்ட ரத்தத்தையும் பாத்திட்டாங்க. ஆருக்கிட்ட இருந்தும் வரல்ல. புள்ளயிலதான் புதுசா வந்திருக்காம்."

மாமி பெருமூச்சு விட்டார்.

"அப்ப அல்லாஹ்ட நாட்டம் புள்ள. நாம என்ன செய்யிற?"

இத்தனை வருடமாக இது என் குறை. என் குறை இல்லை என்று தெரிந்த அடுத்த நிமிடம்தான் அல்லாஹ்வின் நாட்டமாகிறது!

மாமி சொன்ன இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் தலையாட்டினார், மகளின் வாப்பா.