வாசலோரத்து மெர்பாவ் பெஞ்சு

1935 செப்டம்பர் 3, செவ்வாய்

பள்ளித் தோட்டத்துக்கு மூன்று பெஞ்சு வாங்கும் வேலையைத் தலைமையாசிரியை ஐரீன் அம்மாள் என் தலையில் கட்டிவிட்டார். "பி.ஏ. படிச்சவங்க, பெஞ்சு பாக்கத் தெரியாதா?" என்று மற்ற டீச்சர்கள் சிரிக்கும்படி கேட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மகள் மதராசுக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்தால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் போலும்.

சீனத் தச்சர் கடையில் தேக்கும் இருந்தது, இந்த ஊர்க் காட்டு மரமான மெர்பாவும் இருந்தது. மெர்பாவ் செம்பழுப்பாக, வழவழவென்று இருந்தது. அதையே எடுத்தேன். எண்ணெய் பூசட்டுமா என்றார். அந்த நிறம் கெட்டுவிடுமே, வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 9

பெஞ்சுகள் வந்தன. மூன்றையும் சாலையைப் பார்த்துப் போட வேண்டுமாம், போகிறவர்கள் பார்க்கட்டும் என்கிறார் ஐரீன் அம்மாள். பெண்பிள்ளைகளைப் போகிறவர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்? காவலாளி சீனி முகம்மதுவிடம் ஒன்றை மட்டும் வாசல் கேட்டருகே, செம்பருத்தி வேலிக்கு உள்ளே, சாலைக்கு முதுகு காட்டிப் போடச் சொன்னேன். அது குணவதிக்கு. ஏழாம் வகுப்பில் அவள்தான் முதல். மாட்டுவண்டி ஓட்டும் அவள் அப்பா வந்து கூட்டிப்போகும்வரை, எல்லோரும் போன பிறகும் நின்றுகொண்டே படிப்பாள். இனி உட்கார்ந்து படிக்கட்டும்.

செப்டம்பர் 12

மழை. கேட்டுப் பெஞ்சுக்கு அடியில் சிமெண்டுத் தரையெல்லாம் சிவப்புக் கறை. வெற்றிலை எச்சில்! சீனி முகம்மதுவைக் கேட்டேன். "வெத்தலை போட எனக்குப் பல்லு எங்க டீச்சர் இருக்கு?" என்று வாயைத் திறந்து காட்டினார். பிறகு யார் துப்பியது?

செப்டம்பர் 17, செவ்வாய்

குணவதி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. டிசம்பரில் தேர்வு.

செப்டம்பர் 18

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலோரம் பச்சைக் கீற்றில் குச்சு கட்டியிருந்தார்கள். உள்ளே அவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சின்னையா கூட்டிப்போக வந்தபோது வெள்ளைப் பாவாடையின் பின்னால் கறை இருந்ததாம். "பெரிய மனுஷி ஆயிட்டா. படிச்சது போதும்" என்று முடித்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சடங்கு.

"நான் ஆவல டீச்சர்! அது பெஞ்சு!" — கீற்றுக்குள்ளிருந்து குரல்.

அம்மா நல்லம்மாள் என்னை ஓரமாக இழுத்தார். "எனக்குத் தெரியாதா டீச்சர்? பெத்தவ பாக்காமலா இருப்பேன்? அவரு கேக்கணுமே. பள்ளிக்கூடத்துக்காக ஆத்தாளும் மவளும் பொய் சொல்றீங்கன்னு கத்துறாரு."

பெஞ்சா?

பள்ளிக்கு ஓடினேன். பெஞ்சில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். விரல் சிவந்தது. மாதாவே. நான் எடுத்த மரம். நான் போட்ட இடம். எண்ணெய் வேண்டாம்னு சொன்னதும் நான்தான்.

செப்டம்பர் 19

இதை ஓர் ஆம்பளைகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது? எந்த வார்த்தையில? ஐரீன் அம்மாளிடம் சொன்னேன். "அது அவங்க வூட்டு விஷயம் நவமணி. நாம தலையிடக் கூடாது." அவ்வளவுதான்.

குணவதியின் புத்தகங்கள் இங்கே கிடக்கின்றன, நாளை வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சின்னையாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலையெல்லாம் மழை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டேன்.

சின்னையா கேட்டருகே வந்து நின்றார். "பொஸ்தகத்தக் குடுங்க டீச்சரம்மா, மாடு நிக்குது." "கொஞ்சம் இருங்கண்ணே" என்று நனைந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஈரம் உடம்பில் ஏறியது. அவர் விழித்தார். எழுந்தேன். அவருக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். செத்துவிடலாம் போலிருந்தது.

துணி உரசும் ஓசை. கண் திறந்து பார்த்தால், தோள் துண்டால் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துண்டு சிவப்பு.

"சாயம் போவுது லா!"

அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எங்க அக்கா வூடு வரைக்கும் சொல்லிட்டேனே… புள்ளைய வேற அடிச்சுட்டேன்." கேட்டைத் தாண்டியதும் நின்றார். "வரட்டும் டீச்சரம்மா. ஆனா நெசமா ஆவுற அன்னிக்கு நிறுத்திடுவேன். அதுல மாத்தமில்ல."

புத்தகங்களை எடுக்காமலே போனார்.

செப்டம்பர் 23

வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே படிக்கிறாள்.

அக்டோபர் 21

இன்று உட்கார்ந்தாள். கீழே துண்டு விரித்து. அவள் அப்பா கொடுத்துவிட்டதாம், அந்தச் சிவந்த துண்டு.

நவம்பர் 14, வியாழன்

காலையில் நல்லம்மாள் கூடவே வந்தார். வராதவர். குணவதி அவர் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

"இந்தத் தடவ நெசந்தான் டீச்சர்," என்றார் மெதுவாக. "நேத்து அவரு பாவாடையப் பாத்துட்டாரு. துண்டு விரிக்க மறந்துட்டா, பெஞ்சுன்னு சொல்லிட்டேன். 'அந்தப் பாழாப்போன பெஞ்சா'ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

குணவதியை வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

மத்தியானம் மழை விட்டதும் கேட்டருகே போனேன். இத்தனை நாள் மழையில் ஊறிய பெஞ்சு. அடியில் தண்ணீர் தெளிவாக ஓடியது. கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. சின்னையா இன்னொரு முறை துண்டை வைத்துப் பார்த்தால்?

சாயங்காலம், யாரும் கூப்பிடாமலே ஐரீன் அம்மாளின் அறைக்குப் போனேன். கேட்டுப் பெஞ்சு ஆடுகிறது, அந்த இடத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்றேன். என் குரலா அது?

"இந்தத் தடவ தேக்கே வாங்கிடுங்க நவமணி. சாயம் போகாது."

"மெர்பாவ்தான் வேணும்மா," என்றேன். "எண்ணெ பூசாம."