எல்க் மான் போட்ட மஞ்சள் கப்

மே 25, 2004. செவ்வாய்.
மழை. ரயில் பன்னிரண்டு நிமிடம் பிந்தி. முதியோர் இல்லத்துக்கு ஓடிப்போய்ச் சேர, ஏழாம் அறைக் கிழவி காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து ஒரே கோபம்.

வரலாற்று வாய்மொழிச் சோதனைக்குப் பதினாறு நாள். போன முறை கோட்டை விட்டேன். இந்த முறையும் விட்டால் தாதியர் கல்லூரி இந்த வருடமும் இல்லை. நாற்பத்து மூன்று வயது. இன்னும் எத்தனை வருடம் உதவியாளராகவே படுக்கை விரிப்பது?

ஆறு தலைப்பில் ஒன்று சீட்டில் விழும். ஐந்து பரவாயில்லை. ஆறாவது: அடிமைமுறைத் தகராறு எப்படி அமெரிக்காவை உள்நாட்டுப் போருக்குத் தள்ளியது. எனக்கு விழப்போவது அதுதான், தெரியும்.

பின்னேரம் ஒஸ்லோவின் அடுத்த கோடியில் ரொம்சோஸ், வசந்தி அக்கா வீடு. மாலை வகுப்பில் ஒரே மேசையில் இருக்கத் தொடங்கி இரண்டு வருடம். அக்கா கெட்டிக்காரி, நோர்வே மொழி தண்ணீர்பட்ட பாடு. அவர் இல்லாவிட்டால் முதல் மாதமே ஓடியிருப்பேன். தேத்தண்ணி வழக்கம்போல் எல்க் மான் படம் போட்ட மஞ்சள் கப்பில். "இந்தாரும், உம்மட கப்," என்றார். அடுத்தவர் வீட்டில் எனக்கென்று ஒரு கப். சின்னச் சந்தோசம்.

வாங்க: மா, செத்தல் மிளகாய், மகள் நிலாவுக்குச் சப்பாத்து நூல்.

மே 27. வியாழன்.
குளிர். பாடமாக்க:
1787 – அடிமை ஒருவர் = ஐந்தில் மூன்று ஆள். வாக்கு அவருக்கில்லை. அவரை எண்ணி எசமானின் மாநிலத்துக்கு ஆசனம். (நல்ல பகிடி.)
1820 – வரைபடத்தில் கோடு. மேலே அடிமை இல்லை, கீழே உண்டு.
1836 – பாராளுமன்றத்தில் ஒரு விதி. அடிமைமுறைக்கு எதிராக மனு வந்தால் வாங்கி வைக்கலாம். வாசிக்கக் கூடாது, விவாதிக்கக் கூடாது. எட்டு வருடம்!
1850 – ஓடி வந்தவரைப் பிடித்துக் கொடுக்க வடக்கு ஆட்களும் உதவ வேண்டும்.
1854 – குடியேறுகிறவர்களே வாக்குப் போட்டு முடிவெடுக்கட்டும். கான்சாஸில் வெட்டுக்குத்து.
1857 – கறுப்பர் குடிமக்களே அல்ல. சொன்னது நீதிமன்றம்.

1836இல் நின்றுவிட்டேன். கதைத்தால் நாடு உடையும், ஆகவே கதைக்காதே. இதற்கு எனக்குப் புத்தகம் தேவையில்லை. ஒஸ்லோவில் பதினான்கு வருடமாகக் கடையிலும் கோயிலிலும் இதே பல்லவி: "ஊரிலை எவடம்?" "யாழ்ப்பாணம்." "ஓம், அங்கை எவடம்? எந்தக் கோயிலடி?" மூன்றாம் கேள்வியில் சாதியைப் பிடித்துவிடுவார்கள். நான் இரண்டாவதிலேயே நழுவிவிடுவேன். "சின்னனிலையே பட்டணத்துக்கு வந்திட்டம்." வசந்தி அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வீட்டில் மட்டும்தான் முதுகைச் சாய்த்து இருக்கிறேன்.

நிலாவுக்கும் சொன்னதில்லை. பதினாறு வயது. அவளுக்கு எதற்கு?

தம்பி ஊரிலிருந்து போன். சமாதானப் பேச்சுவார்த்தை நின்றபடியே கிடக்கிறதாம்.

மே 30. ஞாயிறு.
வெயில். நிலாவையும் கூட்டிக்கொண்டு ரொம்சோஸ். அக்காவின் மனுசனும் மாமியும் வீட்டில். அக்காவோடு வாக்குவாதம்.

"சண்டை வந்தது வரியாலையும் மாநில உரிமையாலையும் பத்மா. அடிமைக் கதை பிறகு சேர்த்தது."

"பிரிஞ்சு போன மாநிலங்களே அடிமைமுறையைக் காக்கத்தான் போறம் எண்டு எழுதி வச்சிருக்கினம் அக்கா. இந்தப் பக்கத்திலை கிடக்கு."

"எழுதுவினம். அதுக்காக எசமான்மார் எல்லாரும் கொடுமைக்காரரே? எங்கட அப்பப்பாட வளவிலையும் குடிமை வேலை செய்யிற ஆக்கள் இருந்தவை. பிள்ளையள் மாதிரித்தான் பாத்தவர். சாப்பாடு, வருசத்துக்கு உடுப்பு. சந்தோசமாத்தான் இருந்தவை."

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம் அக்கா" என்றேன். சீ. ஓம் அக்கா என்றேன்!

திரும்பும்போது ரயிலில் நிலா: "அம்மா, எனக்கு ஏன் பேப்பர் கப்பிலை ஜூஸ்?"

"மே பதினேழு, தேசிய தினத்துக்கு வாங்கி மிஞ்சினதாக்கும்."

"அவையெல்லாம் வெள்ளைக் கப்பிலை குடிச்சவை. உங்களுக்கு மட்டும் அந்த எல்க் கப். அது சிங்குக்குக் கீழை, கழுவிற சாமானோடை தனிய இருக்கு. நான் பாத்தனான். எங்களிலை ஏதும் பிழையோ?"

எங்கள் ஸ்டேசன் ஹொல்ம்லியா வரும்வரை யன்னலைப் பார்த்து நிலையங்களை எண்ணினேன்.

மே 31. திங்கள்.
பெந்தக்கோஸ்து விடுமுறை. எனக்கு வேலை. மாத்திரைத் தட்டை இரண்டு தரம் சரிபார்த்தேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது ஐந்து முறை. குடித்தது ஒன்றுமில்லை. விரதம். இப்பதான் குடிச்சனான். பல்லுக்கொதி. சீனி கூடிப்போச்சு. ஐந்தாம் முறை பிளாஸ்க்கோடு வந்தார், தன் இஞ்சித் தேத்தண்ணியாம். நான் அவர் உடம்பை நினைத்துக் கவலைப்பட்டேன். மடைச்சி.

அம்மா செத்த செய்தி வந்த நாள் வகுப்பை விட்டுவிட்டு, என்னைக் கட்டிப்பிடித்தபடி ஸ்டேசன் வரை வந்ததும் இதே ஆள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நிலாவுக்குச் சொன்னேன். அவளின் அம்மம்மா மா இடிக்கப் போன வீட்டில் வேலியில் கவிழ்த்து வைத்த தகரப் பேணி. அதில்தான் தண்ணி, அதைக் கழுவித் திரும்ப வேலியில் மாட்ட வேண்டும். அதற்கும் சில தலைமுறைகளுக்கு முன் எங்கள் ஆட்களை அடிமை என்றே எழுதினார்கள் என்பதும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள். அதுதான் சுட்டது.

ஜூன் 3. வியாழன்.
போனேன். மேசையில் இருக்க முதலே கேட்டேன்.

"அக்கா, என்ரை கப் ஏன் கீழை இருக்கு?"

குழாயை மூடினார். கன நேரம் கையைத் துடைத்தார்.

"நீர் எந்த ஆக்கள் எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும் பத்மா. கனடாவிலை தங்கச்சியிட்டைக் கேட்டனான். ஒருநாளாவது உம்மட்டை வாய் திறந்தனானே? பக்கத்திலை இருத்திப் படிப்பிச்சனான். ஊரிலை எண்டா நடக்குமே?"

"நடக்காது."

"பிறகென்ன? மாமிக்கு, இவருக்கு நான் பதில் சொல்ல வேணும். ஒரு கப்பாலை எல்லாருக்கும் நிம்மதி."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 7. திங்கள்.
நூலகத்தில் வேறு புத்தகம். இரண்டு தரம் கறி கருகியது. வீட்டுக்கும் ஸ்டேசனுக்கும் நடந்து நடந்து பாடமாக்கல், நாயோடு வந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார். 1820, 1850, 1854. ஒவ்வொரு தரமும் நிம்மதி வாங்கினார்கள். யார் தலையில்? எரிச்சல். அக்காவை நினைத்தும் அழுகை. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஜூன் 10. வியாழன்.
ஆறாவது சீட்டேதான் விழுந்தது!

ஐந்து நிமிடம் தடுமாற்றம். பிறகு வந்தது. பரீட்சகர், மெலிந்த பெண், குறுக்கே கேட்டார்: "மனுக்களைப் பேசக் கூடாது என்ற விதி கொஞ்சக் காலமாவது அமைதியைக் காத்ததல்லவா?"

"காத்தது," என்றேன். "அடிமைகளைக் கேட்காமல். அந்த எட்டு வருடமும் சந்தையில் பிள்ளைகளை விற்றார்கள். மூடி வைத்தது தகராறை மட்டும்தான். திறந்தபோது அது இன்னும் பெரிதாக இருந்தது."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஐந்து! ஆறுக்கு ஐந்து! ஸ்டேசனில் நின்று நிலாவுக்குப் போன், இருவரும் கத்தல்.

அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி. அவரும் பாஸ். "சனி வாரும். நிலாவையும் கூட்டிக்கொண்டு வாரும். புத்தகம் இஞ்சை கிடக்கு."

ஜூன் 12. சனி.
போவதா வேண்டாமா என்று மூன்று ரயிலை விட்டேன். நாலாவதில் போனோம்.

அக்காவுக்கு உண்மையாகவே சந்தோசம். "ஐஞ்சாம்! என்னிலும் கூட!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். தண்ணி கொதித்தது. குனிந்து சிங்குக்குக் கீழே கையை விட்டார்.

"நில்லுங்கோ அக்கா, நான் எடுக்கிறன்."

மேல் அலுமாரியைத் திறந்தேன். பொன் விளிம்பு வைத்த வெள்ளைக் கப், ஆறு, எல்லாம் ஒரே மாதிரி. இரண்டை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை நிலாவிடம் கொடுத்தேன். நின்றபடியே குடித்தோம். நாக்கு பொசுங்கியது. ஹோலில் மாமியின் டிவி. அக்கா கையில் எல்க் கப்போடு நின்றார்.

இரண்டையும் கழுவித் துடைத்தேன். மற்ற நான்கையும் கீழே இறக்கி, ஆறையும் கலந்து, திரும்ப அடுக்கினேன். எதில் குடித்தேன் என்று இப்போது எனக்கே தெரியாது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "வாறம் அக்கா" என்றேன். படியில் நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் மாடிக்கு இறங்கியிருப்போம், மேலே கதவு திறந்தது.

"பத்மா! எதிலை குடிச்சனீங்கள்? சொல்லிப்போட்டுப் போம்!"