ஏழு அடி அகலம்

உ
அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
18.06.2023

அன்பு மகள் தமிழ்செல்விக்கு,

சித்தப்பா அப்பாதுரை எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தி சரோஜாவும், மாடுகளும், மலையும் சௌக்கியம். கடலூரில் நீயும் மாப்பிள்ளையும் கடலும் எப்படி?

போனில் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சித்தப்பா, நீங்க பேசினா நான் நம்பிடுவேன். அதனால எழுதுங்க. எழுத்துல இருந்தா அப்புறம் மாத்திப் பேச முடியாது"னு சொல்லிவிட்டாய். உன் அப்பாவும் இப்படித்தான். கூடப் பிறந்த தம்பி என்றாலும் என் வாய் வார்த்தையை நம்பாமலே போய்ச் சேர்ந்தார். போகட்டும். எட்டாம் வகுப்பில் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவன் நான். கலெக்டரே வந்து கொடுத்தார். (கலெக்டர் இல்லை, ஹெட்மாஸ்டர் என்று சித்தி பக்கத்தில் நின்று சொல்கிறாள். அவள் அப்போது பிறக்கவே இல்லை.)

மாப்பிள்ளை போட்டு அனுப்பிய படகு வரைபடம் வந்து சேர்ந்தது. கடற்கரை ஊரில் இப்போது எல்லாம் ஃபைபர் படகுதான், மரத்தில் செய்து தர ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சொன்னபோதே முடிவு பண்ணிவிட்டேன். அந்தப் படகு என் மாட்டுக் கொட்டகையில்தான் பிறக்கும். கடல் இல்லாத ஊரில் படகா என்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும். லாரி எதற்கு இருக்கிறது? நடராஜ் ஆசாரியிடம் பேசிவிட்டேன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் கதவும் ஜன்னலும் அவன் கை வேலை. வீட்டு வேலை தெரிந்தவனுக்குப் படகு ஒரு வேலையா? கூரை இல்லாத வீடு, அவ்வளவுதான்.

எனக்கும் கடல் புதிதில்லை. மெரினாவில் ஒரு மீன்காரர் என் உள்ளங்கையைப் பார்த்து, "துடுப்புப் பிடிச்ச கை மாதிரி இருக்கே"னு ஆச்சரியப்பட்டார். நான் மறுக்கவில்லை.

வரைபடத்தில் கோடுகள் அங்கங்கே நடுங்கியிருந்தன. ஸ்கேல் வைத்து எல்லாவற்றையும் நேராக்கி, ஸ்கெட்ச் பேனாவில் மேலே போட்டுவிட்டேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது.

தை பிறக்கும்போது படகு தயார். இந்த நரம்பு வியாதியில் அடுத்த வருஷம் மாப்பிள்ளை கையில் பலம் இருக்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பீடியை விடாவிட்டால் நாற்பதைத் தாண்ட மாட்டாய் என்று என்னிடம்கூடச் சொன்னார்கள். விடவில்லை. அறுபதைத் தாண்டி நிற்கிறேன்.

இப்படிக்கு உன் சித்தப்பா,
அப்பாதுரை


கடலூர் முதுநகர்
09.07.2023

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கலெக்டர் வந்த இடத்தில் நன்றாகச் சிரித்தார். கோடுகளை நேராக்கிய இடத்தில் சிரிக்கவில்லை. "வளைஞ்சிருக்கறது வளைஞ்சிதான் இருக்கணும்னு எழுது" என்றார். எது நடுங்கிய கோடு, எது வளைந்த கோடு என்று சந்தேகம் வந்தால் தயவுசெய்து கேளுங்கள்.

பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தேன், கடலைத்தான் பார்க்கவில்லை என்று அடிக்கடி சொல்வார். இஞ்சின் ரூமிலேயே வேலை. எந்த நாட்டுக் கடலாக இருந்தாலும் கீழே அதே சத்தம், அதே ட்யூப்லைட். அதனால்தான் இஞ்சினே வைக்காத படகு கேட்கிறார். பாய் விரித்து, கரை கண்ணில் படுகிற தூரத்திலேயே, இங்கிருந்து வேதாரண்யம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு ஊரில் ஒதுங்கிப் படகிலேயே படுத்துக்கொள்வது. மழைக்காலம் முடிந்து கடல் அடங்குகிற தை, மாசியில் போக வேண்டும்.

சட்டைப் பொத்தானை இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன். சுக்கான் பிடிக்க விரல் வேண்டாம், உள்ளங்கை போதும் என்கிறார். அந்த உள்ளங்கை இருக்கும்போதே படகு வந்துவிட வேண்டும் சித்தப்பா. உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
தமிழ்செல்வி


உ
அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
05.10.2023

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் சந்தோஷத்தில் விழுந்துவிடுவாய்.

படகு எழுந்துவிட்டது! அடிக்கட்டை போட்டு, இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி கட்டைகள் நிறுத்தி, பலகையும் அடித்தாகிவிட்டது. மாடுகளை வெளியே கட்டியிருக்கிறேன். போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டத்தில் பாதி என் கொட்டகை முன்னால்தான் நின்றது. ஒரு அம்மா இது சாமி வாகனம் என்று நினைத்து படகின் மூக்கில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். எந்தச் சாமிக்கு என்று இன்னொருத்தர் கேட்டார். சும்மா இருக்கக் கூடாதே என்று, "இது மலையைச் சுத்தி வரப் போவுதுங்க, தண்ணி மட்டும் வரணும்"னு சொல்லி வைத்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாய் வாங்க டவுனுக்குப் போனேன். படகுக்குப் பாய் வேண்டும் என்றேன், கடைக்காரன் கோரைப்பாயை விரித்துக் காட்டுகிறான். படுக்கிறதுக்கு இல்லைப்பா, பறக்கிறதுக்கு என்றேன். கடைசியில் பந்தல்காரனிடம் கெட்டித் துணி சொல்லியிருக்கிறேன். முன்பக்கம் "ஸ்ரீ அண்ணாமலையார் துணை" என்று எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை உன் பெயரை வைக்கச் சொன்னார். அது பின்பக்கம்.

இப்போது முக்கியமான சேதி. மாப்பிள்ளைக்கு வர இருந்த ஒரு பெரிய ஆபத்தை உன் சித்தப்பா தடுத்திருக்கிறேன். வரைபடத்தில் படகின் அகலம் ஏழு அடி என்று இருந்தது. ஆசாரி பார்த்தான், நான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பகீர் என்றது. வீடு கட்டுகிறவன் முதலில் பார்ப்பது மனையடிதானே? எத்தனை அடி அகலம் வைத்தால் குடும்பம் தழைக்கும், எத்தனை வைத்தால் கெடும் என்பது நம் காலண்டர் அட்டையின் பின்னாலேயே அச்சடித்திருக்கிறது. ஏழு அடிக்கு என்ன போட்டிருக்கிறது தெரியுமா? தரித்திரம். ஆறுக்கு நன்மை. எட்டும் நல்லதுதான், ஆனால் எட்டு வைத்தால் கொட்டகை கேட்டைத் தாண்டாது. அதனால் ஒரு அடி கம்மி பண்ணி ஆறாக்கிவிட்டோம். நீங்கள் இரண்டு பேரும் படுத்துத் தூங்கப் போகிற இடம். தெரிந்தே ஏழில் படுக்க விடுவேனா?

பாய் கட்டுகிற மரத்தில் கை வைக்கவில்லை. அந்த உயரம் நல்ல கணக்கு.

மாப்பிள்ளைக்கு இதை அழுத்திப் படித்துக் காட்டு.

உன் சித்தப்பா,
அப்பாதுரை


கடலூர் முதுநகர்
14.10.2023

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதங்களை முதலில் அடுப்படியில் நின்று நான் படித்துவிட்டுத்தான் அவருக்குப் படிப்பது வழக்கம். அது நல்லதாகப் போயிற்று. கிரிவலம், குங்குமம், கோரைப்பாய் எல்லாம் படித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்தார். ஏழு அடியைப் படிக்கவில்லை.

படகுக்கு மனையடி கிடையாது சித்தப்பா. வீடு இருந்த இடத்தில் இருக்கும். படகைக் காற்று சாய்க்கும், அது திரும்ப நிமிர வேண்டும். அந்த உயரப் பாய்க்கு ஏழு அடி அகலம் இருந்தால்தான் நிமிரும் என்று வரைபடம் போடும்போதே சாப்பாட்டு மேசையில் தட்டையும் டம்ளரையும் வைத்து எனக்குக் காட்டினார். ஆறு அடியில் அது கவிழ்ந்துவிடும். அதில் ஏறப் போகிறவர் நீந்த முடியாதவர். கை அவருக்கு இல்லை.

எப்படியாவது சரிசெய்யுங்கள். என்ன செய்தீர்கள் என்பதைத் தனித்தாளில் எழுதுங்கள். மற்றதை வழக்கம் போல எழுதுங்கள், அவர் கேட்பார்.

தமிழ்செல்வி


உ
அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
10.12.2023

அன்பு மகளுக்கு,

தனித்தாள் கேட்டாய். முழுக் கடிதத்தையுமே தனித்தாள் என்று வைத்துக்கொள்.

தீபம் நல்லபடி முடிந்தது. ஊரே நெரிந்தது. அதனால்தான் எழுதத் தாமதம். வேறு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டேன். இரண்டு பக்கமும் வெளியே பலகை வைத்து அரை அடி, அரை அடி புடைக்க வைத்தால் ஏழாகிவிடும் என்று யோசனை சொன்னேன். இந்த மாதிரி யோசனை வெளிநாட்டுக்காரனுக்குக்கூட வராது. அடித்தும் பார்த்தோம். மழையில் ஏரி நிறைந்திருந்தது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், ஊரே பார்க்க இறக்கினேன். மிதந்தது செல்வி! ஏரிக்கரையில் கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் பந்தல் துணியை ஏற்றினோம். காற்று கொஞ்சம் ஜாஸ்தி. படகு மெதுவாக ஒரு பக்கமாகப் படுத்தது. தண்ணீரில் எருமை படுக்குமே, அந்த மாதிரி, அவசரமே இல்லாமல். எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை அதற்கு. நானும் உள்ளேதான் இருந்தேன். ஏரி ஆழம் கம்மி.

திரும்பக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டோம். முழுதும் பிரித்து, அடிக்கட்டையிலிருந்து புது மரத்தில் ஆரம்பித்தால்தான் உண்டு என்கிறான் ஆசாரி. "கொறைச்சு அறுத்த கட்டை வளருமா அண்ணே"னு என்னையே கேட்கிறான். செங்கம் ரோட்டில் ஒரு விடுதி வேலை வந்து அங்கே போய்விட்டான். ஆடிக்குத்தான் வருவானாம்.

ஆடி என்ன தூரமா? மாப்பிள்ளையை உள்ளங்கைக்குத் தினமும் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல். தை இல்லாவிட்டால் அடுத்த தை. கடல் எங்கே போய்விடப் போகிறது?

சித்தி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காலண்டரைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டாள். இன்றைக்கு என்ன கிழமை என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது.

சித்தப்பா


வேலூர்
12.02.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் போன்களை நான் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை. கோபப்பட நேரம் கிடைக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். கை முழுதும் போய்விட்டது. இப்போது தொண்டை. சோறு இறங்கவில்லை, குழாய் வழியாகப் போகிறது. பேச்சு எனக்கு மட்டும்தான் புரிகிறது. அடுத்த தை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதத்தைப் பற்றிக்கூட டாக்டர் எதுவும் சொல்வதில்லை.

உங்களைப் பேசவிடாமல் எழுத வைத்தவள் நான். எழுத்தில் இருந்தால் பொய் வராது என்று நினைத்தேன். இப்போது நானே கேட்கிறேன். ஒரு பொய் எழுதுங்கள்.

படகு முடிந்தது, கடலில் இறக்கினேன் என்று எழுதுங்கள். அவர் பெயருக்கே எழுதுங்கள். நேற்று, "சித்தப்பா லெட்டர் வந்துதா?" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். மாசி மகத்துக்குள் இறக்கிவிடுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போட்டோ கேட்டால், சித்தப்பாவுக்கு எடுக்கத் தெரியாது, கட்டைவிரல்தான் விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

உங்களுக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

தமிழ்செல்வி


உ
அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
25.02.2024

அன்புள்ள மாப்பிள்ளை பிரசாத் அவர்களுக்கு,

மாமனார் முறையில் அப்பாதுரை எழுதுவது. நேற்று மாசி மகத்தன்று உங்கள் படகு கடலில் இறங்கிவிட்டது.

விடியும் முன்பே லாரியில் ஏற்றிவிட்டோம். திருக்கோவிலூரில் டீ குடிக்க நிறுத்தினபோது, லாரியில் படகு போகிறதே என்று பார்க்க ஒரு பஸ்ஸே நின்றது. தேவனாம்பட்டினம் கரையில் கால் வைக்க இடம் இல்லை. அத்தனை ஊர் சாமியும் தீர்த்தவாரிக்கு வந்திருந்தது. நம் படகைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகி வழி விட்டது. வேறு யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

கருப்பன் என்று ஒரு மீன்காரர் கூட வந்தார். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க இதை வரைஞ்சது? கடல்லயே பொறந்தவரா?"னு கேட்டார். பன்னிரண்டு வருஷம் கடலுக்கு அடியிலேயே இருந்தவர் என்று உங்களைப் பற்றிச் சொன்னேன்.

பாயை ஏற்றினோம். கோரைப்பாய் இல்லை, வெள்ளைத் துணி. காற்று வந்து அது நிறைந்தபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம், மாப்பிள்ளை, அது நிமிர்ந்தது. யாரும் தொடாமல், தானாகவே நிமிர்ந்தது. கருப்பன் என் முதுகில் தட்டினார். நான் அழுதேன் என்று அவர் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், உப்புத் தண்ணீர் அடித்தது.

சத்தமே இல்லை. அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். இஞ்சின் இல்லை, ஒன்றும் இல்லை. பலகைக்கு வெளியே தண்ணீர் போகிறது மட்டும் கேட்கிறது. கரை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சுக்கானுக்குப் பக்கத்தில் உங்கள் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. நான்கூட உட்காரவில்லை. செல்வியின் இடம் அதற்கு எதிரே. அங்கிருந்து பார்த்தால் உங்கள் முகமும் கடலும் ஒன்றாகத் தெரியும். நீங்கள் அப்படித்தான் போட்டிருந்தீர்கள்.

எப்படி நிமிர்ந்தது என்று கரைக்கு வந்ததும் எல்லாரும் கேட்டார்கள். எல்லாரும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். அகலம் ஏழு அடி. நானே நூல் பிடித்து அளந்தேன். ஏழுக்குக் காலண்டரில் என்ன வேண்டுமானாலும் போட்டிருக்கட்டும், மாப்பிள்ளை ஏழு என்று போட்டார், ஏழுதான்.

நீங்கள் போட்ட கோடு ஒன்றில்கூட நான் கை வைக்கவில்லை.

அப்பாதுரை